பல்வலி வந்த ராஜாவும் வெடித்த ஆமை ஓடும்

"தாத்தா, ஸ்கெலட்டன்னா எலும்புக்கூடுதானே? அப்ப நம்ம ஏரியாவுல எலும்புக்கூடு எங்க இருக்கு?"

கேட்டவன் பக்கத்து வீட்டுப் பையன், மூன்றாம் வகுப்பு. கோலார் தங்கவயலில் ஸ்கெலட்டன் என்ற பேருள்ள இடத்தில் குடியிருந்தால், இங்கிலீஷ் பாடம் கொஞ்சம் தலையில் ஏறியதும் இந்தக் கேள்வி வரத்தான் செய்யும்.

"இங்க தோண்டினா கிடைக்காதுடா. ஆனா எனக்குத் தெரிஞ்ச ஒரு எலும்புக்கூடு உண்டு. மூவாயிரம் வருஷத்துக்கு மேல ஒரு குழிக்குள்ள, ஆயிரக்கணக்கான ஆமை ஓட்டோட கிடந்துச்சு" என்றேன். அன்று சாயங்காலம் என் வீட்டு வாசல்படியில் ஏழு பேர் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். அவர்களுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அவர்கள் கையில் ஒரு கல்லைக் கொடுத்தேன். நான் சின்னப் பையனாக இருந்தபோது வழியில் பொறுக்கியது. வெள்ளையாக, உப்புக்கட்டி மாதிரி இருக்கும். குவார்ட்ஸ். நம் ஊர்த் தங்கமெல்லாம் பாறைக்குள் நரம்பு நரம்பாக ஓடிய இந்த வெள்ளைக் கல்லோடுதான் கலந்திருந்தது. என் அப்பா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் அண்டர்கிரவுண்டு வேலைக்குப் போனவர். அவர் காலத்தில் பாறையை உடைக்க டிரில் மெஷின் இருந்தது, வெடிமருந்து இருந்தது. ஆனால் ஆங்கிலேயக் கம்பெனிகள் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இங்கே தங்கம் தோண்டியிருக்கிறார்கள். அந்தப் பழைய குழிகளைப் பின்பற்றி இறங்கித்தான் கம்பெனிக்காரர்கள் தங்கத்தைக் கண்டுபிடித்தார்கள். வெடிமருந்தே இல்லாத காலத்தில் இவ்வளவு கெட்டியான கல்லை எப்படி உடைத்திருப்பார்கள்?

தீயை வைத்துத்தான். தென்னிந்தியாவின் பழைய தங்கச் சுரங்கங்களில் பாறைமேல் விறகை அடுக்கி எரித்திருக்கிறார்கள். பாறை நன்றாகச் சூடேறியதும் தண்ணீரை ஊற்றினால் படாரென்று விரிசல் விடும். அதற்கப்புறம் உளியும் சுத்தியலும் போதும். சூடு பட்ட இடம் விரியப் பார்க்கும், சூடு படாத இடம் விடாமல் பிடித்திழுக்கும். அந்த இழுபறியில் கல் விட்டுக்கொடுத்துவிடும். குவார்ட்ஸுக்கு இன்னொரு குணமும் உண்டு. 573 டிகிரி செல்சியஸ் வந்ததும் உள்ளே அணுக்கள் சட்டென்று இடம் மாறி உட்காரும், கல் திடீரென்று கொஞ்சம் உப்பும். இதை வீட்டு அடுப்பில் செய்து பார்க்காதீர்கள், சில்லு தெறித்துக் கண்ணுக்குள் போய்விடும்.

நம் பக்கத்தில் தங்கத்துக்காகக் கல்லைத் தீயால் வெடிக்க வைத்தார்கள். சீனாவில் ஒரு ராஜா, குறி பார்த்துப் பதில் தெரிந்துகொள்ள எலும்பைத் தீயால் வெடிக்க வைத்தார். அவர் பெயர் வூ டிங். இன்றைக்குச் சுமார் 3,200 ஆண்டுகளுக்கு முன், ஷாங் என்ற அரச வம்சத்தில், இப்போது அன்யாங் என்று சொல்லும் ஊரிலிருந்து ஆண்டவர்.

எப்படிச் செய்தார்கள் என்று கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். ஆமையின் வயிற்றுப் பக்கத்து ஓட்டை எடுத்துக்கொள்வார்கள். அது ஒரே பலகை மாதிரி தெரிந்தாலும் ஒன்பது எலும்புகள் சேர்ந்தது. பொருத்திய இடமெல்லாம் தையல்போட்ட மாதிரி கோடு தெரியும். மேலே மூடியிருக்கும் நகம் போன்ற தோலை உரித்து, எலும்பைத் தேய்த்து வழவழவென்று ஆக்குவார்கள். பிறகு உள்பக்கத்தில் வரிசையாகக் குழி வெட்டுவார்கள். உளியால் ஒரு நீளக் குழி, அதை ஒட்டிப் பக்கத்தில் ஒரு வட்டக் குழி. எலும்பில் ஓட்டை விழாமல், ஆனால் அது மெலிந்துபோகும் அளவுக்கு. மாட்டின் தோள்பட்டை எலும்பையும் இப்படியே தயார் செய்வார்கள்.

அப்புறம் அந்தக் குழியில் கனலும் கட்டையை வைத்து அழுத்துவார்கள். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்காது. எலும்புக்குள் இருக்கும் ஈரம் வெளியேறும், சூடான இடம் விரியும், சுற்றியுள்ள எலும்பு விடாது. சட்டென்று ஒரு சத்தம்: 'புக்!' எலும்பைத் திருப்பினால் மறுபக்கத்தில் ஒரு நேர்க்கோடு, அதன் நடுவிலிருந்து ஒரு சின்னக் கிளைக்கோடு. நீளக் குழி இருந்த இடத்தில் நேர்க்கோடு, வட்டக் குழி இருந்த பக்கம் கிளை. விரிசல் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்பதை முன்கூட்டியே வெட்டி வைத்துவிட்டார்கள்! எனக்கு இந்த இடம்தான் ரொம்பப் பிடிக்கும். எலும்பு வேலை தெரிந்த நல்ல கைத்தொழிலாளி ஒருவன் அங்கே இருந்திருக்கிறான்.

சீன எழுத்தில் 'குறி பார்த்தல்' என்பதற்கு இன்றைக்கும் இருக்கும் எழுத்து அந்த விரிசலின் படம்தான்: ஒரு நேர்க்கோடு, ஒரு கிளை. அதன் பழைய உச்சரிப்பும் 'புக்' என்பதற்கு நெருக்கமானது என்று மொழி அறிஞர்கள் சொல்கிறார்கள். எலும்பு வெடித்த சத்தமே சொல்லாகிவிட்டது.

வாசல்படியில் இருந்த ஏழு பேரும் அந்த எழுத்தைச் சாக்பீஸால் தரையில் எழுதிப் பார்த்தார்கள். சீன எழுத்தில் இவ்வளவு சுலபமானது கிடைப்பது அபூர்வம்.

பார்த்த குறியை எழுத்தாகவும் வெட்டி வைத்த இந்த எலும்புகள் வெளியுலகத்துக்குத் தெரிய வந்த விதம் இன்னொரு கதை. அன்யாங் பக்கத்து விவசாயிகளுக்கு ஏர் உழும்போது இவை கிடைக்கும். 'டிராகன் எலும்பு' என்று மருந்துக் கடைக்கு விற்றுவிடுவார்கள். கடைக்காரர் இடித்துப் பொடியாக்கி மருந்தாகக் கொடுத்துவிடுவார். எத்தனை ராஜாக்களின் சேதி யார் யார் வயிற்றுக்குள் போனதோ! 1899-இல் பெய்ஜிங்கில் வாங் யீரோங் என்ற பண்டிதர்தான் இவற்றில் இருப்பது பழைய எழுத்து என்று கண்டுகொண்டு வாங்கிச் சேர்க்க ஆரம்பித்தார். 1917-இல் வாங் குவோவெய் என்ற அறிஞர் ஓர் அருமையான வேலை செய்தார். ஷாங் ராஜாக்களின் பெயர்ப் பட்டியல் ஒன்று, ஆயிரம் ஆண்டுகள் கழித்து சிமா சியென் எழுதிய வரலாற்றில் இருந்தது. அது கட்டுக்கதை என்று பலர் நினைத்திருந்தார்கள். எலும்பில் இருந்த பெயர்களோடு ஒப்பிட்டால் பெரும்பாலும் பொருந்திவிட்டது. நமக்கும் இப்படி ஒன்று உண்டு. கரூர் பக்கம் புகழூர் மலைக் குகையில் இருக்கும் தமிழ் பிராமிக் கல்வெட்டில் சேர அரசர்கள் மூன்று தலைமுறை வருகிறார்கள். அவர்களைச் சங்க இலக்கியத்துச் சேரர்களோடு ஐராவதம் மகாதேவன் பொருத்திக் காட்டினார்.

1928-இல் அன்யாங்கில் முறையான அகழாய்வு தொடங்கியது. டோங் சுவோபின், லீ ஜீ, லியாங் சியோங் என்று பல அறிஞர்கள் வேலை செய்தார்கள். இவர்களில் லியாங் சியோங்கின் அப்பா லியாங் சிச்சாவ், 1924-இல் நம் ரவீந்திரநாத் தாகூரைப் பெய்ஜிங்கில் வரவேற்றவர். அந்த நட்பின் தொடர்ச்சியாகத்தான் 1937-இல் சாந்திநிகேதனில் சீன பவனம் திறந்தது. அதை வளர்த்தவர் டான் யுன்ஷான் என்ற சீன அறிஞர்.

இப்போது எலும்புக்கூடு. 1936 ஜூன் 12. அந்தப் பருவத்து வேலையை முடித்துக் கிளம்ப வேண்டிய நேரம். ஒரு குழியில் ஆமை ஓடுகள் தென்பட்டன. சரி, சீக்கிரம் எடுத்துவிடலாம் என்று கை வைத்தால் ஓடு வந்துகொண்டே இருக்கிறது. ஒன்றின்மேல் ஒன்று ஒட்டி, அப்பளக் கட்டு மாதிரி. ஒவ்வொன்றாகப் பிரித்தால் நொறுங்கிவிடும். அதனால் சுற்றிலும் மண்ணை வெட்டி, மொத்தக் குவியலையும் மண்ணோடு ஒரே கட்டியாக்கி, மரப்பெட்டி அடித்து, ரயிலில் நாஞ்சிங் நகரத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே பல மாதம் உட்கார்ந்து பிரித்தார்கள். மொத்தம் 17,096 துண்டுகள்! ஓடுகளோடு ஒரு மனிதனின் எலும்புக்கூடும் குழிக்குள் இருந்தது. அந்த ஓடுகளைக் காவல் காத்த, அடுக்கி வைத்த ஆளாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள்.

"அவரும் ஸ்கெலட்டன்காரர்தான்" என்றான் அந்தப் பையன். ஆமாம் என்றேன்.

அடுத்த வருஷமே போர் வந்துவிட்டது. எலும்புகளைத் தூக்கிக்கொண்டு அறிஞர்கள் ஊர் ஊராக ஓடினார்கள். குன்மிங், பிறகு லீஜுவாங் என்ற ஆற்றங்கரைச் சிற்றூர். அந்த ஊரில்தான் டோங் சுவோபின் ஷாங் காலத்து நாட்காட்டியைக் கணக்கிட்டு எழுதினார். லீ ஜீயின் இரண்டு மகள்கள் அந்தப் பயண வருடங்களில் நோயில் இறந்துபோனார்கள். அவர் வேலையை விடவில்லை.

எலும்பைத் தோண்டியவர்கள் இவர்கள். ஒரு முழு வாழ்க்கையையும் அதை வாசிப்பதற்கே கொடுத்த ஒருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். டேவிட் கீட்லி, 1932-இல் லண்டனில் பிறந்தவர். சின்ன வயதிலேயே அமெரிக்கா போனார். முதலில் படித்தது ஆங்கில இலக்கியம். நியூயார்க்கில் பத்திரிகை, பதிப்பு என்று எழுத்து வேலை பார்த்தார். முப்பதை ஒட்டிய வயதில்தான் மறுபடி மாணவராகிச் சீன மொழியை அ, ஆ-விலிருந்து படித்தார். "நமக்கு லேட் ஆயிடுச்சு" என்று எதையாவது விட்டுவிட நினைக்கும் அண்ணன், அக்கா யாராவது உங்கள் வீட்டில் இருந்தால் இதைச் சொல்லுங்கள். 1969 முதல் 1998 வரை கலிஃபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தினார். 1978-இல் அவர் எழுதிய புத்தகம், இந்த எலும்புகளை எப்படி வாசிப்பது என்பதற்கே ஒரு கையேடு: எலும்பின் ரகம், குழி வெட்டும் முறை, விரிசல், எழுத்து வெட்டிய உளி வரைக்கும். 2017-இல் காலமானார். அவருடைய கட்டுரைகளைத் தொகுத்து 2014-இல் வந்த புத்தகத்துக்கு 'இந்த எலும்புகள் மீண்டும் எழும்பும்' என்ற பொருளில் தலைப்பு வைத்தார்கள். சர்ச்சுக்குப் போய் எசேக்கியேல் புத்தகம் கேட்டவர்களுக்கு, உலர்ந்த எலும்புகள் எழுந்து நின்ற பள்ளத்தாக்கு ஞாபகம் வரும்.

கீட்லி போன்றவர்களின் வாசிப்பால் தெரிய வந்த விஷயங்களில் ஒன்று, ராஜாவின் பல்வலி.

வூ டிங்குக்குப் பல்வலி வந்தது. டாக்டர் இல்லாத காலம். இறந்துபோன முன்னோர் யாரோ கோபமாக இருக்கிறார், அதனால்தான் வலி என்று அவர்கள் நம்பினார்கள். யார் அந்த முன்னோர்? அப்பா ஜியாவா? அப்பா கெங்கா? அப்பா ஷின்னா? அப்பா யீயா? நான்கு பேரும் அப்பாவா என்று முழிக்காதீர்கள். அப்பாவின் சகோதரர்களையும் 'அப்பா' என்றே ஷாங் மக்கள் சொன்னார்கள். பெரியப்பா, சித்தப்பா என்று கூப்பிடும் நமக்கு இது புரியாமலா போகும்? இங்கிலீஷ்காரருக்குத்தான் விளக்கிச் சொல்ல வேண்டும்.

ஒவ்வொருவர் பெயரிலும் ஒட்டியிருக்கும் ஜியா, யீ, கெங் எல்லாம் நாட்களின் பெயர். அவர்களுக்கு வாரம் பத்து நாள். ஜியா முன்னோருக்கு ஜியா நாளில் படையல், யீ முன்னோருக்கு யீ நாளில். நம் வீட்டில் தாத்தாவுக்கு அவர் இறந்த திதி பார்த்துப் படைப்போமே, அதுபோல முறை தவறாமல். அங்கே நாளே பெயராகிவிட்டது. நாம் 'சனிக்கிழமைத் தாத்தா', 'புதன் பாட்டி' என்று சொன்னால் எப்படி இருக்கும், அப்படி.

இந்தப் பத்து நாள் பெயரோடு இன்னொரு பன்னிரண்டு பெயரையும் ஜோடி சேர்த்து ஒன்றாக ஓட விடுவார்கள். முதல் ஜோடி மறுபடி எத்தனை நாள் கழித்து வரும்? கணக்குப் புத்தகத்தில் மீச்சிறு பொது மடங்கு என்று ஒன்று இருக்கிறதே, அதைப் போடுங்கள். 10-க்கும் 12-க்கும் 60. நம் பிரபவ முதல் அட்சய வரை வருடப் பெயர்களும் அறுபதுதான். நாம் வருடத்துக்கு வைத்த சக்கரத்தை அவர்கள் அப்போது நாளுக்கு வைத்திருந்தார்கள்.

கேட்கும் முறையும் அழகானது. ஓட்டின் வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று. வலப்பக்கம்: 'அப்பா யீதான் காரணம்.' இடப்பக்கம்: 'அப்பா யீ காரணம் இல்லை.' ஊர்க் கோயிலில் பூக்கட்டிப் பார்த்திருக்கிறீர்களா? வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், சாமி முன்னால் போட்டு ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். அதே எண்ணம்தான்: ஆம், இல்லை என்று இரண்டு வழியையும் வைத்துவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பது. இவை கேள்விகளே அல்ல, சொல்லிப் பார்க்கும் வாக்கியங்கள் என்று கீட்லி வாதாடினார். 'மழை வருமா?' என்று அவர்கள் கேட்கவில்லை. 'மழை வரும்', 'மழை வராது' என்று சொல்லி, எதற்கு எலும்பு இசைகிறது என்று பார்த்தார்கள். இதில் எல்லா அறிஞர்களும் ஒத்துப்போகவில்லை, கேள்விதான் என்பவர்களும் உண்டு. எனக்குக் கீட்லி சொல்வது சரியென்று படுகிறது. உடம்பு முடியாமல் படுத்திருக்கும் பேரனிடம் பாட்டி "சரியாயிடும்டா கண்ணு" என்பாளே, அது செய்தியும் இல்லை, கேள்வியும் இல்லை. சொல்லியே நடத்திவிடும் ஆசை.

"எலும்பு வெடிச்சா பல்வலி எதனாலன்னு எப்படித் தாத்தா தெரியும்?" ஐந்தாம் வகுப்புப் பெண் கேட்டாள். நான் காத்திருந்த கேள்வி.

தெரியாது. அதற்கு நான் நம் ஊர்ச் சுரங்கத்தையே உதாரணமாகச் சொன்னேன். சாம்பியன் ரீஃப் பூமிக்குள் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போன சுரங்கம். அவ்வளவு ஆழத்தில் மேலே இருக்கும் பாறையின் பாரம் தாங்காமல் பக்கத்துப் பாறை திடீரென்று வெடிக்கும். நான் சிறுவனாக இருந்தபோது ராத்திரியில் வீடு ஒரு குலுக்கு குலுங்கும், அலமாரியில் தட்டு டம்ளரெல்லாம் கலகலக்கும். அம்மா எழுந்து உட்கார்ந்து, அப்பா ஷிஃப்ட் முடிந்து வரும்வரை படுக்கமாட்டாள். பிற்காலத்தில் விஞ்ஞானிகள் பாறைக்குள் ஆங்காங்கே நுண்ணிய அதிர்வைக் கேட்கும் கருவிகளைப் பொருத்தினார்கள். பாறைக்குள் எழும் சின்னச் சின்ன விரிசல் சத்தம் எந்த இடத்தில் கூடுகிறது என்று பதிவுசெய்து, ஆபத்தான இடத்தைக் கணிக்கப் பார்த்தார்கள்.

வூ டிங்கும் விரிசலைக் கேட்டார், இந்த விஞ்ஞானிகளும் விரிசலைக் கேட்டார்கள். என்ன வித்தியாசம்? விஞ்ஞானிகள் எந்தப் பாறையைப் பற்றித் தெரிய வேண்டுமோ அந்தப் பாறையின் விரிசலையே கேட்டார்கள். ஆமை ஓட்டின் விரிசலுக்கு ஆமை ஓட்டைப் பற்றி மட்டும்தான் தெரியும். எங்கே மெலிந்திருக்கிறது, எங்கே குழி வெட்டினார்கள் என்று சொல்லும். ராஜாவின் கடைவாய்ப் பல்லைப் பற்றி அதற்கு என்ன தெரியும்?

ஆனால் அவர்களைச் சும்மா தள்ளிவிடவும் முடியாது. எந்த நாள், குறி பார்த்தவர் பெயர், சொன்ன வாக்கியம், ராஜா சொன்ன பலன் எல்லாவற்றையும் எலும்பிலேயே வெட்டி வைத்தார்கள். சிலவற்றில், பிறகு என்ன நடந்தது என்பதும் சேர்த்து எழுதியிருக்கிறது. முன்னால் சொன்னதையும் பின்னால் நடந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது பெரிய விஷயம். நீங்கள் அறிவியல் நோட்டில் செய்வதும் அதுதானே? ஒரே ஒரு குறை. ராஜா சொன்னது தவறிப்போனது என்று வெட்டவெளிச்சமாக எழுதிய எலும்பு மிக அபூர்வம். பலித்தது மட்டும் பதிவாகிறது, பலிக்காதது காணாமல் போகிறது. இன்றைக்கு ஜோசியர் விளம்பரம் பார்க்கும்போதும் இதைக் கேளுங்கள்: பலிக்காததை எங்கே எழுதி வைத்திருக்கிறீர்கள்?

இதுவரை ஒன்றரை லட்சத்தை ஒட்டிய துண்டுகள் கிடைத்திருக்கின்றன. அதிலுள்ள வேறு வேறு எழுத்துகள் நாலாயிரத்துக்கும் மேல். அவற்றில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைத்தான் உறுதியாக வாசிக்க முடிந்திருக்கிறது. மீதி உங்கள் வயதுக்காரர்களுக்குக் காத்திருக்கிறது. சீனம் கற்பது நமக்கு ஆகாத காரியமில்லை. 'பயணி' என்ற பெயரில் எழுதும் தமிழர் ஒருவர், சீனாவின் மிகப் பழைய பாடல் தொகுப்பிலிருந்து பாடல்களைச் சீன மொழியிலிருந்தே நேராகத் தமிழுக்குக் கொண்டுவந்திருக்கிறார். 2012-இல் அந்தப் புத்தகம் வந்தது.

கடைசியாக ஃபூ ஹாவ். வூ டிங்கின் ராணிகளில் ஒருத்தி. 13,000 பேர் கொண்ட படையோடு அவள் போருக்குப் போவதைப் பற்றிய எலும்பு இருக்கிறது. அவள் கல்லறையை 1976-இல் செங் செந்சியாங் என்ற பெண் ஆய்வாளர் கண்டுபிடித்தார். திருடர் கைபடாத கல்லறை. 468 வெண்கலப் பொருள்கள், 755 பச்சைக்கல் பொருள்கள், ஆறாயிரத்துக்கு மேல் சோழிகள். ஆமாம், நம் வீட்டில் தாயம் ஆடும் அதே சோழி. கடலே எட்டாத ஊரில்!

அந்த ராணிக்குக் குழந்தை பிறக்கப்போகிறது. ஓட்டைச் சுட்டுப் பார்க்கிறார்கள். டிங் நாளில் பிறந்தால் நல்லது, கெங் நாளில் பிறந்தால் மிக நல்லது என்று ராஜா பலன் சொல்கிறார். நடந்ததையும் அதே ஓட்டில் வெட்டியிருக்கிறார்கள்: முப்பத்தொரு நாள் கழித்து, ஜியா நாளில் குழந்தை பிறந்தது, நல்லதாக அமையவில்லை, பெண் குழந்தை.

வாசல்படியில் சத்தமே இல்லை. பிறகு அந்த ஐந்தாம் வகுப்புப் பெண் கேட்டாள்: "அம்மா சண்டைக்கெல்லாம் போயிருக்காங்க. பொண்ணு பொறந்தா எப்படி நல்லது இல்லாமப் போகும்?"

"அதை எழுதினவங்களைத்தான் கேக்கணும்மா" என்றேன்.

"அந்தப் பாப்பா பேரு என்ன தாத்தா?"

ஓட்டில் அதை வெட்டவில்லை.